முதல் தண்ணீர், கடைசித் தண்ணீர்

1

"கையெழுத்து ஒத்துப்போகவில்லையே" என்றார் வெளிநாட்டினர் அலுவலகத்துக் கவுண்ட்டரில் இருந்த அம்மாள்.

நான் ஜெர்மனிக்கு வந்து இந்தப் பிப்ரவரியோடு பதினாறு வருஷம் முடிந்தது. வேறு யாராவது என்றால் அன்றைக்குக் கேக் வெட்டியிருப்பார்கள். எனக்கு வாய்த்தது ஒரு டோக்கனும், ஈரக் குடைகள் சாத்தியிருந்த ஒரு வராந்தாவும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் வசிப்பு அட்டையையும் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பழைய கையெழுத்தும் புதிய கையெழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய கையெழுத்தோ நான் திருப்பதியில் படித்த காலத்தில் தெலுங்கில் போட்டுப் பழகியது. சித்தூர் எல்லைக் கிராமங்களில், எங்களைப் போன்ற தமிழ் வீடுகளில் அதுதான் நடப்பு. வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படிப்பது தெலுங்கு, கையெழுத்தும் அதில்தான். இங்கே வந்த பிறகு தெலுங்கில் ஒரு வரி எழுதியிருப்பேனா? பேனாவை வைத்தால் ஜிலேபியைப் பிய்த்துப் போட்ட மாதிரி ஏதோ வந்தது.

அந்த அம்மாள் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "பழையதில் இருப்பது போலவே போடுங்கள். அவசரமில்லை."

போட்டேன். உதட்டைப் பிதுக்கினார். மறுபடி போட்டேன். தாளின் மேலிருந்து கீழ்வரை சுகுணா, சுகுணா, சுகுணா. ராமஜெயம் எழுதுகிறவர்கள்கூட அவ்வளவு பயபக்தியோடு எழுதியிருக்க மாட்டார்கள். கடைசியில் பழைய அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், நடுவில் இருந்த ஒன்றின்மேல் விரலை வைத்தார்.

"இது சேருகிறது. இதை எடுத்துக்கொள்ளலாம்."

"மற்றதெல்லாம்?" என்று கேட்டேன், சும்மா இருக்கத் தெரியாமல்.

"மற்றவை தேவையில்லை" என்றார். அந்த ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்துகொண்டு, தாளைக் காகிதம் கிழிக்கும் இயந்திரத்துக்குள் விட்டார். மூன்று வாரம் கழித்து வந்து அட்டையை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

டிராமில் ஏறும்வரை நிம்மதியாகத்தான் இருந்தது. உட்கார்ந்த பிறகு உறுத்த ஆரம்பித்தது. ஒரு தரம் போட்ட மாதிரி மறுதரம் போட எனக்கே வரவில்லை. இத்தனைக்கும் நான் சம்பளம் வாங்குவதே, ஒரு கணக்கை மறுபடி போட்டால் அதே விடை வருகிறதா என்று பார்ப்பதற்காகத்தான்.

2

என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துவிடுவேன். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. நான் இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கும்போது திருப்பதியில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்தது. ஒரே கடையில் இந்தப் பக்கம் எஸ்.டி.டி. பூத், அந்தப் பக்கம் கம்ப்யூட்டர். நாட்டைத் திறந்துவிட்டார்கள், இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று விரிவுரையாளர்கள் சொல்லிக்கொண்டே இருந்த காலம். என் அம்மா சித்தூர் மாம்பழக்கூழ் பாக்டரியில் சீசன் முழுக்க மாங்காய் நறுக்கி, பால் பட்டு வெந்துபோன கையோடு வந்து என்னைத் திருப்பதி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அங்கிருந்து பெங்களூர், பெங்களூரிலிருந்து இங்கே. ஏறியவள் இன்னும் இறங்கவில்லை என்றுதான் சில நாள் தோன்றுகிறது.

உண்மையில் என் வேலை தண்ணீர்க் கணக்கு. இங்கே பழைய நிலக்கரிக் குழிகளில் தண்ணீர் விட்டு ஏரிகளாக மாற்றுகிறார்கள். குழி நிறைய நிறையச் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் ஏறும். எவ்வளவு ஏறும், பக்கத்துக் கிராமத்து வீடுகளின் நிலவறைக்குள் வருமா, வராதா? இதைத்தான் எங்கள் குழு கணிக்கிறது. நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் ஈரமா காய்வா, ஈரமென்றால் எவ்வளவு என்று பல வருஷங்களுக்கு முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்போம். அதற்கு ஒரு கணினி போதாது. ஒரு கூடம் நிறையக் கணினிகள் சேர்ந்து உழைக்கும். ஆளுக்குக் கொஞ்சம் நிலம் என்று பங்குபோட்டுக்கொண்டு, கடைசியில் விடைகளை ஒன்றாகக் கூட்டும்.

அந்தக் கிராமத்தில் ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. நாங்கள் வண்ண வண்ணப் படமாகப் போட்டுக் காட்டியதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் எழுந்தார். "என் நிலவறையில் உருளைக்கிழங்கு வைக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கள்."

வைக்கலாம் என்றோம். எங்கள் பழைய கணினி அப்படித்தான் சொல்லியிருந்தது.

அந்தப் பழைய கணினியை ஈஸ்டர் விடுமுறைக்கு முன்னால் நிறுத்தப்போகிறார்கள். புதியது வந்துவிட்டது. பழையதில் வந்த விடை புதியதிலும் வருகிறது என்று ஒரு குழு காட்டினால்தான் அந்தக் குழுவுக்குப் புதியதில் இடம். இடம் கிடைத்தால்தான் திட்டம் தொடரும். திட்டம் தொடர்ந்தால்தான் என் ஒப்பந்தம். நாற்பத்திரண்டு வயதில், இவ்வளவு குறுகலான ஒரு துறையில், இந்த ஊரில் எனக்கு வேறு வேலை கிடையாது. கணவருக்கு வேறு ஊரில் வேலை, வெள்ளிக்கிழமைதான் வருவார். மகள் மித்ராவுக்குப் பதின்மூன்று வயது. பள்ளியை மாற்றினால் என்னோடு பேசவே மாட்டேன் என்று முன்னெச்சரிக்கை கொடுத்துவிட்டாள்.

புதிய கணினியில் ஓட்டினேன். வேறு விடை வந்தது. நிலவறையில் தண்ணீர். எங்கேயோ தப்பு என்று எதையும் மாற்றாமல் மறுபடி ஓட்டினேன். மூன்றாவதாக ஒரு விடை. நிலவறை பாதி ஈரம். அடுத்ததில் காய்ந்து கிடந்தது. அட கடவுளே, இது கணினியா, கிளி ஜோசியமா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

3

காரணம் புரியாமல் இல்லை. இந்தத் துறையில் இருக்கும் எவருக்கும் தெரிந்ததுதான். கணினி ஒரு எண்ணை முழுதாக வைத்துக்கொள்வதில்லை. இத்தனை இலக்கம் என்று ஓர் அளவு வைத்து மிச்சத்தை வெட்டிவிடும். பெரிய எண்ணோடு ரொம்பச் சின்ன எண்ணைக் கூட்டினால் சின்னதன் வால் அறுந்துபோகும். சின்னதையெல்லாம் முதலில் தங்களுக்குள் கூட்டி, பிறகு பெரியதில் சேர்த்தால் வால் பிழைத்துக்கொள்ளும். ஆகவே எதை முதலில் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து விடை ஒரு மயிரிழை மாறும்.

பழைய கணினி வரிசை தவறாது. முதல் பங்கு, இரண்டாம் பங்கு என்று காத்திருந்து கூட்டும். புதியதுக்குப் பொறுமை இல்லை. யார் முதலில் முடிக்கிறார்களோ அவர்களை முதலில் கூட்டிக்கொள்ளும். அதனால்தான் அத்தனை வேகம். ஓட்டத்துக்கு ஓட்டம் வரிசை மாறும், விடையும் மயிரிழை மாறும். மற்ற கணக்குகளுக்கு அது பொருட்டே இல்லை. எங்களுடையது ஈரமும் காய்வும் பற்றிய கணக்கு. விளிம்பில் நிற்கும் ஒரு கட்டத்தை அந்த மயிரிழை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும். ஒரு கட்டம் நனைந்தால் அடுத்தது நனையும். போகப்போக ஒரு தெருவே மாறிவிடும்.

எங்கள் குழுத் தலைவி பிரிகிட்டே நல்ல மனுஷி. நான் குழந்தை பெற்று மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பிய காலத்தில் என் கூட்டங்களையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டவள். இங்கே அலுவலகத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் 'நீ' என்றுதான் சொல்ல வேண்டும். நான் இன்றும் பதற்றத்தில் நாக்குப் புரண்டு அவளை 'நீங்கள்' என்பேன். ஒருதரம் அலுவலக நாயையும் 'நீங்கள்' என்று அழைத்துவிட்டேன். அது மட்டும்தான் அதைச் சரியாக எடுத்துக்கொண்டது.

பிரிகிட்டே என் ஓட்டங்களையெல்லாம் வரிசையாகத் திரையில் போட்டுப் பார்த்தாள். காய்ந்த நிலவறை வந்த ஓட்டத்தில் விரலை வைத்தாள்.

"இது பழையதோடு அப்படியே சேருகிறது. இதைக் கொடுத்துவிடு."

"மற்றவை?"

"படிவத்தில் ஒரு ஓட்டம்தான் கேட்டிருக்கிறார்கள், சுகுணா."

எனக்குக் காகிதம் கிழிக்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. அவள் விடவில்லை. "பழையதும் ஒரு விடைதானே? அதுதான் சரி என்று யார் சொன்னது? எப்போதும் அதையே சொல்லும் என்பதால் அது உண்மையாகிவிடுமா?"

அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன், ஏனென்றால் அவள் சொன்னது நியாயம். ஒரே விடை திரும்பத் திரும்ப வருவதால் அது சரியாகிவிடாது. ஆனால் ஒவ்வொரு தரமும் வேறு விடை வந்தால், சரியா தப்பா என்று பேச உட்காரவே இடமில்லாமல் போகிறதே. இதை ஜெர்மனில் சொல்லத் தேடி, பாதி வாக்கியத்தில் வினைச்சொல் கிடைக்காமல் நின்றேன்.

"இரண்டு வாரம் இருக்கிறது. யோசி" என்றாள். "நம் ஆறு பேர் வேலையையும் சேர்த்து யோசி."

4

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி ஏழுமலை கூப்பிட்டான். ஊரில் விளக்கு வைக்கும் நேரம்.

"அக்கா, இன்னா பண்ணிக்கினு கீற? துன்னியா?" என்று ஆரம்பித்தவன் பதிலுக்கு நிற்கவில்லை. "ரத்தினம் அண்ணன் என்னெ திருடன்னுட்டான்க்கா. பால் சென்டராண்ட, அத்தினி பேரு முன்னால."

ரத்தினம் எங்கள் பெரியப்பா மகன். எங்கள் இரண்டு வீடும் ஒரு காலத்தில் சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாமல் கூலிக்குப் போன வீடுகள். மலையடியில் சர்க்கார் கொடுத்த பட்டா நிலத்தில் கல் பொறுக்கி, எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், அவரும் பெரியப்பாவும் சேர்ந்து ஒரு போர் போட்டார்கள். ஒரு மோட்டார், ஒரு மண் வாய்க்கால். வாய்க்கால் பாறைக்காட்டைச் சுற்றிக்கொண்டு போய்க் கடைசியில் இரண்டு வயல்களுக்கும் பிரியும். மூணு பேஸ் கரண்ட் வருகிற நேரத்தில் பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. இப்போது நைனாவும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. அந்தப் பங்கு தம்பிக்கும் ரத்தினம் அண்ணனுக்கும் வந்திருக்கிறது.

"இன்னாத்த திருடிட்டியாம்?"

"மோட்டாரு நேரத்த. அவன் தக்காளி கடேசி பாத்தி காயுது, என்துல ஈரம் நிக்குது. அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்? பாதிக்குப் பாதி, வாச்சி பாத்து மாத்தறோம். அவனே நின்னு மடை திருப்பிட்டுத்தான் போறான். இதுல எப்டி திருடுவேன், நீயே சொல்லு."

"அப்புறம் இன்னா சொல்றான்?"

"'சரே, விடிபோதாம்'னுட்டான்." கோபம் வந்தால் ரத்தினம் அண்ணனுக்குத் தெலுங்குதான் வரும். பிரிந்துகொள்வோம் என்று அர்த்தம். "மோட்டார அவன் எடுத்துக்குவானாம். நான் வேற போர் போட்டுக்கணுமாம். பக்கத்துல இன்னொண்ணு போட்டா ரெண்டுமே காத்துதான் ஊதும்க்கா. தெரிஞ்சேதான் சொல்றான்."

சட்டென்று குரலை இறக்கினான்.

"உங்க ஆபீஸ்ல வூடாட்டம் கம்ப்யூட்டர் கீதுன்னியே. இத்த அதுல போட்டு, நான் எடுத்துக்கறது ஞாயமான பங்குன்னு ஒரு பேப்பர் அனுப்பு. ஸ்டாம்ப்பு குத்தி அனுப்பு. ஜெர்மனி ஸ்டாம்ப்ப பாத்தா வாய மூடிக்கினு போவான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பிரிகிட்டேவுக்கும் ஒரு தாள் வேண்டும், தம்பிக்கும் ஒரு தாள் வேண்டும். இரண்டு பேரும் விடையை முன்னாலேயே முடிவு செய்துவிட்டார்கள். என்னிடம் கேட்பது கையெழுத்து மட்டும்.

5

அந்த வாய்க்கால் எனக்கு நன்றாகத் தெரியும். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நாளில் என்னை வயல் கோடியில் நிறுத்திவிட்டு நைனா மோட்டாரண்டை இருப்பார். எங்கள் பங்கு முதலில் வருகிற நாளென்றால் எனக்கு அழுகையே வரும். "வந்துக்கினு கீது, வந்துக்கினு கீது" என்று அங்கிருந்து கத்துவார். நான் மடையைத் திறந்து வைத்துக்கொண்டு காய்ந்த வாய்க்காலைப் பார்த்தபடி நிற்பேன். தண்ணீர் வராது. அது எப்போதோ புறப்பட்டுவிட்டது, வழியெல்லாம் மண் குடித்துக்கொண்டிருக்கிறது.

தம்பியோடு பேசி முடித்து அடுப்படி மேஜையில் மடிக்கணினியைத் திறந்தபோது இதுதான் ஞாபகம் வந்தது. அலுவலகத்தில் எழுதும் அதே கணக்கின் ஒரு குட்டி வடிவத்தை எழுதினேன். வாய்க்காலைக் கட்டங்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு கட்டமும் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்டுதான் அடுத்ததற்குத் தண்ணீர் விடும். நேரம் பாதிக்குப் பாதி. ஓட்டினேன். முதல் தண்ணீர்க்காரனுக்குக் குறைவு, கடைசித் தண்ணீர்க்காரனுக்கு நிறைய. ஆளை மாற்றிப் போட்டேன், குறைச்சல் ஆளோடு போகவில்லை, முதல் இடத்தோடேயே நின்றது. வாய்க்காலை நனைக்கும் செலவு முழுக்க முதல் ஆள் தலையில். நனைந்த வாய்க்காலில் இரண்டாமவன் ஜாம்ஜாம் என்று பாய்ச்சிக்கொள்கிறான். நேரம் சமம், மோட்டார் ஒன்று, திருடு இல்லை, பங்கு மட்டும் சமமில்லை.

மித்ரா பழரசம் எடுக்க வந்தவள் திரையைப் பார்த்தாள். "இது என்னது?" என்று ஜெர்மனில் கேட்டாள். நான் தமிழில் சொன்னேன், "மாமாவோட வாய்க்கால்."

"வாய்க்கால்னா?"

அவளுக்குப் புரியும் ஜெர்மன் சொல்லைச் சொன்னேன். அந்தச் சொல் இங்கே பெரிய பெரிய நீர்வழிக்குத்தான். அவள் கண்ணை விரித்து, "மாமாவோட ஊரில் கப்பல் போகுமா?" என்றாள். இல்லையடி, ஒரு எட்டில் தாண்டிவிடலாம் என்றேன். அப்புறம் திரையில் இருந்த பெயரைப் படித்து, ரத்தினம் என்றால் யார் என்று கேட்டாள். அவளுக்கு அவரும் மாமா முறை என்று சொன்னேன். சரி என்று தலையசைத்துக் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு போய்விட்டாள். தன் மாமா ஒருவரின் பெயரை என் மகள் ஒரு கணக்கில்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறாள். மனசு என்னவோ போல் ஆயிற்று.

நைனா காலத்தில் இந்தச் சண்டை ஏன் இல்லை? இருந்தது, ஓயாமல் இருந்தது. அதற்குத்தான் முறையை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒரு முறை எங்களுக்கு முதல் தண்ணீர், அடுத்த முறை அவர்களுக்கு. ஏன் என்று யாரும் விளக்கியதில்லை. தெரிந்துதான் செய்தார்களா, சண்டை போட்டுச் சலித்து அந்த ஏற்பாட்டில் வந்து விழுந்தார்களா என்று எனக்குத் தெரியாது. சரி, அது எப்போது நின்றது?

மறுபடி தம்பியைக் கூப்பிட்டேன்.

"எப்பவும் நீதான் கடைசித் தண்ணி எடுக்கறியா?"

"ஆமா. நைனா போனப்புறம் காலைல பால் எடுத்துக்கினு பலமனேர் போறேன் இல்ல? திரும்பி வர நேரமாவுது. அதான் நான் எப்பவுமே பின்னால எடுத்துக்கறேன்னு அண்ணங்கிட்ட கேட்டேன்."

"அண்ணன் இன்னா சொன்னாரு?"

"'சரே தம்பி, நீ பால பாரு'ன்னான்."

ஆக, ரத்தினம் அண்ணன் செய்த உபகாரம்தான் அவர் தக்காளியைக் காய வைத்திருக்கிறது. அவருக்கும் அது தெரியாது, இவனுக்கும் தெரியாது. சொன்னேன். வாய்க்கால் குடிக்கிற தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கிச் சொன்னேன். "நீ திருடல. ஆனா அண்ணன் சொல்றதும் நெசம். அவருக்குத் தண்ணி கம்மியாத்தான் போவுது."

"அப்போ நீ அவன் பக்கம்."

"பக்கம் இன்னாடா பக்கம்? கணக்கு அப்டித்தான் வருது."

"நீ அங்க ஏசில உக்காந்துக்கினு கணக்கு போடுவ. இங்க மண்ணுல நின்னு பாக்கறவன் நான். நேரம் சரிபாதி, தண்ணி எப்டி மாறும்? கூடப் பொறந்தவளே இப்டிச் சொன்னா அவன் சும்மா வுடுவானா?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. ஏசியாம், வெளியே பனி கொட்டுகிறது. "நம்ப வேணாம்டா. மாத்தி ஓட்டிப் பாரு. வர்ற முறைக்கு நீ மொதல் தண்ணி எடு, அண்ணன் கடைசித் தண்ணி எடுக்கட்டும். அப்பவும் உன் கடேசி பாத்தி நனைஞ்சா, இனிமே உங்க பேச்சுல வாயே தெறக்க மாட்டேன்."

போனை வைத்துவிட்டான்.

6

அதன்பிறகு அவன் கூப்பிடவில்லை. இரண்டு ஞாயிறு போயிற்று. எடுத்ததெல்லாம் கையிலிருந்து நழுவியது. சாம்பாரில் உப்பு இரண்டு தரம் போட்டேன். டிராமில் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போனேன். நான் சொன்னது தப்பாக இருந்தால்? மண் என்ன என் கட்டம் கட்டமான கணக்கைக் கேட்டுக்கொண்டா தண்ணீர் குடிக்கிறது? எலி வளை இருக்கும், மதகு ஒழுகும், கரண்ட் விட்டு விட்டு வரும். என் தப்புக் கணக்கால் இரண்டு வீடும் பிரிந்து, இரண்டு போரும் வற்றி, எங்கள் நிலம் மறுபடி கல்லுக்காடாகப் போய்விட்டால் என்று ஒரு பக்கம். ஒப்பந்தம் முடிந்தால் மித்ராவிடம் என்ன சொல்வது என்று இன்னொரு பக்கம்.

அலுவலகத்தில், கூட்டும்போது அறுந்துவிழும் வாலைத் தூக்கிப் போடாமல் தனியே வைத்திருந்து, அடுத்த கூட்டலில் சேர்த்துக்கொள்ளும்படி நிரலை மாற்றினேன். வரிசையையும் கட்டிப்போட்டேன். இதொன்றும் என் கண்டுபிடிப்பில்லை, பாடப்புத்தகத்தில் இருக்கிற உத்திதான். யாரும் விரும்பாததற்குக் காரணம், ஓட்டம் மெதுவாகிவிடும். எல்லாரும் எல்லாருக்காகவும் காத்திருக்க வேண்டும்.

ஓட்டினேன். மறுபடி ஓட்டினேன். பக்கத்து நாற்காலிக்காரனைக் கூப்பிட்டு அவன் லாகினிலிருந்து ஓட்டச் சொன்னேன். கடைசி இலக்கம்வரை ஒரே விடை. ஆனால் அறுந்த வால்களும் சேர்ந்துகொண்டதால், அது பழைய கணினி சொன்ன விடை இல்லை. அந்தக் கிராமத்துத் தெருக்கோடி வீடுகளின் நிலவறைக்குள் தண்ணீர் வருகிறது.

பிரிகிட்டே அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "இதைக் கொடுத்தால் நாம் பழையதோடு சேரவில்லை என்று நாமே எழுதிக்கொடுத்தது போல ஆகும்."

"ஆமாம்."

"அந்த ஒரு ஓட்டம் இன்னும் இருக்கிறது."

இருந்தது. அதைக் கொடுத்துவிட்டால் வீடு, பள்ளி, ஆறு பேர் சம்பளம் எல்லாம் அப்படியே இருக்கும். எனக்கு ஆசையாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப ஆசையாக இருந்தது. அது பொய்யான ஓட்டமும் இல்லை, நிஜமாகவே ஒரு நாள் வந்த விடை. ஆனால் ஊரில் தம்பியிடம் மாற்றி ஓட்டிப் பார் என்று சவால் விட்டுவிட்டு, இங்கே யாரும் மாற்றி ஓட்டிப் பார்த்துவிடக்கூடாதே என்று ஒரு தாளைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. அந்தப் பெரியவரின் உருளைக்கிழங்கு வேறு நினைவில் வந்து நின்றது.

எல்லா ஓட்டங்களையும் கொடுத்தேன். சேர்ந்தது, சேராதது, பாதி ஈரம், முழு ஈரம், வரிசை கட்டிய பிறகு வந்தது, எல்லாமே. புதிய கணினியில் இடம் ஒதுக்கும் குழுவின் முன்னால் போய் நின்றபோது ஒருவர் கேட்டார், "அப்படியானால் எதுதான் உங்கள் விடை?" பழையது சொன்னதை இனி நம்பிச் சொல்ல முடியாது, அந்தத் தெருவுக்கு நாம் சொன்னதைத் திருத்த வேண்டும் என்று பதில் சொன்னேன். பதற்றத்தில் அவரை 'நீ' என்றும் பிரிகிட்டேவை 'நீங்கள்' என்றும் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டார்கள். எனக்குக் கோடை முடியும்வரை ஒப்பந்த நீட்டிப்பு, அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பிரிகிட்டே என்னைக் காப்பிக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் போன வாரம் என் மேஜையருகே நின்று, அந்த வால் சேர்க்கும் நிரல் எவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று கேட்டுவிட்டுப் போனாள்.

7

வசிப்பு அட்டையை வாங்கப் போனேன். அதே வராந்தா, அதே டோக்கன். போன் பேசக்கூடாது என்று படம் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தபோது என் போன் அடித்தது. ஏழுமலை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு எடுத்தேன்.

"அக்கா." அவ்வளவுதான் சொன்னான். மூச்சு வாங்குவது கேட்டது.

"சொல்றா."

"மாத்தி ஓட்டினோம்க்கா. பால பக்கத்தூட்டுப் பையங்கிட்ட குட்த்தனுப்பிட்டேன். மொதல் தண்ணி நான் எட்த்தேன். வாச்சி அண்ணங்கிட்டயே குட்த்துட்டேன்." நிறுத்தினான். "வர்லக்கா. வயலு கோடில நின்னுக்கினே கீறேன், தண்ணி வர்ல. வந்து சேர்றதுக்குள்ள என் நேரம் முடிஞ்சிப்போச்சி. கடேசி பாத்தி காஞ்சி கெடக்குது. பொலபொலன்னு கெடக்குது."

"அண்ணன்துல?"

"நெறஞ்சி நிக்குது. தோ, இங்கதான் கீறான். அவனே பேசறேன்றான், இரு."

போன் கை மாறியது. பின்னால் யாரோ மண்வெட்டியைக் கீழே போடும் சத்தம். கடைசியாக ரத்தினம் அண்ணன் குரலை நான் கேட்டது பெரியப்பா சாவுக்குப் பேசியபோது.

"சுகுணா, நல்லா கீறியாம்மா? பொண்ணு நல்லா கீதா?" தமிழில்தான் பேசினார். "இந்தப் பையன திருடன்னுட்டேன், வாய் தவறி. வுடு. இனிமே ஒரு முறை அவன், ஒரு முறை நான். பால் வண்டிக்கு என்னா பண்றதுன்னு நாங்க பாத்துக்கறோம். நீ அங்க குளுர்ல ஒடம்ப பாத்துக்கோ."

"சரிண்ணா" என்றேன்.

போனை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. என் கணக்கை வேறு ஒருத்தன், என்னை நம்பாத ஒருத்தன், வேறு ஒரு மண்ணில் மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறான். அதே விடை வந்திருக்கிறது. என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள், எழுந்திருக்கத் தோன்றவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "கெட்ட செய்தியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்கு அப்போது கிடைத்த ஜெர்மன் அவ்வளவுதான். "என் தம்பியின் வயல் காய்ந்துவிட்டது" என்றேன்.

"ஐயோ, ரொம்ப வருத்தமாக இருக்கிறது" என்றார் அவர்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, மனசார, நன்றி என்றேன்.